ஆறு செக்கன் கடல்

ஒரே கடலை ஆறு செக்கனுக்குள் அடக்கி, அந்த ஆறு செக்கனை ஐந்து கிழமையாகத் திரும்பத் திரும்பப் பார்த்தால் கண்ணுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சோற்றுக்கு ஊற்றிய ஆணத்தில் மிதக்கிற எண்ணெய்கூட, விளிம்பு சரிவராத ஒரு தூரிகைத் தீற்றலாகத் தெரியும். தொழுகைப் பாயில் குனிந்தால் அதன் இழைகள் நகர்கின்றனவா என்று பார்க்கத் தோன்றும். பிறகு அப்படிப் பார்த்ததற்காக மனம் சங்கடப்படும்.

வேலை இதுதான். கணினியில் செய்த கடற்கரையை யாரோ கையால் தீட்டியது போலக் காட்ட வேண்டும். வெளிநாட்டில் சிறுவர் படம் ஒன்று செய்கிற குழு ஒன்று, ஆள் எடுப்பதற்காகக் கொடுத்த சோதனை வேலை அது. என்னோடு கெம்பஸில் படித்த கூட்டாளி ஒருத்தி கொழும்பிலிருந்து அந்தக் குழுவுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். கல்முனைக்காரி, மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. அவள்தான் என் பெயரைச் சொல்லிவிட்டாள். படகு, மணல், ஒரு சிறுமி எல்லாவற்றையும் கணினியில் முப்பரிமாண உருவமாகவே செய்து அனுப்பியிருந்தார்கள். கூடவே ஒரே ஒரு வரி: 'மாலை. கடற்கரை. சிறுமி கடைசி வெளிச்சம் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.' வெளிச்சம், நிறம், தீற்றல் மூன்றும் என் பொறுப்பு.

அந்த நாட்களில் என் மேசையில் இன்னொரு வரியும் இருந்தது. அரசாங்கக் கந்தோர் வேலைக்கான பட்டதாரிப் பயிற்சிக்கு என்னைத் தெரிவு செய்திருப்பதாகவும், வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கந்தோரில் சமுகமளிக்க வேண்டும் என்றும், தவறினால் இடம் அடுத்தவருக்குப் போகும் என்றும் சொன்ன கடிதம். வாப்பா அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டார். வீட்டில் இருந்தது ஒரே மேசை. மூத்தவளான ராத்தாவுக்குக் கல்யாணமாகி வீட்டை அவளுக்குக் கொடுத்த பிறகு, நாங்கள் பின்வளவில் கட்டிய சின்ன வீட்டுக்கு மாறியிருந்தோம். பூச்சு முடியாத இரண்டு அறை. ஆகவே என் மடிக்கணினி அந்தக் கடிதத்தின் மேல்தான் இருந்தது. கணினி சூடானால் கண்ணாடியும் சூடாகும். சில நேரம் கடிதத்துக்கும் சுடும் என்று நினைப்பேன்.

வாப்பா சத்தம் போடுகிறவர் அல்ல. ஒரு தடவைதான் சொன்னார். "நான் வேணாமெண்டு சொல்லல்ல மகள். இது சரிவந்தாச் செய். வராட்டித் திங்கக்கிழம கந்தோருக்குப் போ." இரண்டு வருடம் வீட்டிலிருந்த பிள்ளைக்கு அதைவிட நியாயமாக ஒரு தகப்பன் என்ன சொல்ல முடியும்? அந்த நியாயம்தான் என்னைக் களைக்க வைத்தது. கோபப்பட்டிருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம்.

கணினி எதையும் சுத்தமாகவே செய்யும். படகு விளிம்பைக் கத்தியால் வெட்டியது போல வைக்கும், நிறத்தைப் பிசகாமல் நிரப்பும். கையால் தீட்டிய படத்தில் இருப்பதெல்லாம் அதற்குப் பிழை. வண்ணம் கோட்டைத் தாண்டும், தூரிகை நடுவில் காயும், ஒரு நீலத்துக்குப் பக்கத்தில் அதே நீலம் கொஞ்சம் கலங்கி இருக்கும். அதையெல்லாம் ஒவ்வொன்றாக அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். படம் அசையாமல் நின்றால் இது பெரிய விசயமில்லை. அசையத் தொடங்கினால்தான் கண்டம்.

முதலில் தீற்றல்களைத் திரையோடு ஒட்டிப் பார்த்தேன். கமரா நகர்ந்ததும் கடல் முழுவதும் அழுக்குக் கண்ணாடிக்குப் பின்னால் ஓடியது. பிறகு பொருள்களின் மேல் ஒட்டினேன். படகுக்கு யாரோ பூத்துணி சுற்றிவிட்டது போல ஆனது. சரி, ஒவ்வொரு பிரேமுக்கும் புதிதாகத் தீட்டட்டும் என்று விட்டேன். அந்த நேரம் உம்மா கடலைப் பருப்புத் தட்டோடு வந்து தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மகள் இது, கடல் முழுக்க எறும்பு ஊருது."

அதற்குப் பிறகு அந்தப் பிழைக்கு எங்கள் வீட்டில் எறும்பு என்றே பெயர். வாப்பா வயல் வட்டையிலிருந்து வந்து கை கழுவும்போது கேட்பார், எறும்பு போயிற்றா என்று. போகவில்லை வாப்பா. நாளைக்கும் போகாதோ? தெரியாது வாப்பா.

திரையோடு ஒட்டுவதற்கும் பொருளோடு ஒட்டுவதற்கும் நடுவில்தான் வழி இருந்தது. அலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளை விதைத்து, ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு தீற்றல் பிறந்து, அலையோடு நகர்ந்து, பார்க்கிறவர் பக்கம் திரும்பியபடியே மெதுவாக மங்கிப்போக வேண்டும். ஒரு தீற்றல் மங்கும்போது பக்கத்தில் இன்னொன்று வர வேண்டும். வந்தது தெரியக் கூடாது. எழுதும்போது இவ்வளவுதான். செய்ய மூன்று கிழமை போனது. ஒரு பிரேம் தீட்டி முடிக்க என் கணினிக்குப் பத்து நிமிடம். ஆறு செக்கனுக்கு நூற்று நாற்பத்து நாலு பிரேம். ஆக, ஒரு தரம் முழுதாகப் பார்க்க ஒரு முழு நாள். கரண்ட் போனால் அந்த நாளும் இல்லை.

தீற்றல்களைக் கணினியில் உண்டாக்க எனக்கு மனம் வரவில்லை. ராத்தாவின் மகளுடைய நீர்வர்ணப் பெட்டியை இரவல் வாங்கி, தடித்த தாளில் நாற்பது தீற்றல் இழுத்தேன். ஒரே இழுப்பு, ஒரே நீலம். அதைக் கொமினிகேசன் கடைக்குக் கொண்டுபோய் ஸ்கேன் பண்ணக் கொடுத்தபோது கடைக்காரர், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் அண்ணன் முறையில் காக்கா, தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதில ஒண்டும் வரையல்லயே. வெறும் கோடு."

"கோடுதான் காக்கா வேணும்."

"நாப்பதும்?"

நாற்பதும் என்றேன். அவர் பக்கத்தில் நின்றவரை, கெம்பஸ் போன பிள்ளைகள் கனக்கப் படிச்சா இப்படித்தான் என்பது போல ஒரு பார்வை பார்த்தார்.

நாற்பதில் முப்பத்தொன்பது என்னுடையவை. ஒன்று உம்மாவுடையது. மேசையைத் துடைக்க வந்தவர், நீலம் ஒழுகிக்கொண்டிருந்த தூரிகையை எடுத்து, தாளின் ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்துத் துடைத்துவிட்டுக் கோப்பைக்குள் போட்டார். அவ்வளவுதான். அந்த மாதம் முழுவதும் நோன்புக்கு முன் முடிக்க வேண்டும் என்று புது வீட்டுச் சுவருக்குத் தானே பெயின்ற் அடித்துக்கொண்டிருந்த கை அது. தொடக்கத்தில் அகலமாக, நடுவில் தளர்ந்து, கடைசியில் கொஞ்சம் மேலே திரும்பிக் காய்ந்து போயிருந்தது. என்னுடைய முப்பத்தொன்பதும் அழகாக இருக்க வேண்டும் என்ற ஆசையில் இழுத்தவை. அந்த ஆசை ஒவ்வொன்றிலும் தெரிந்தது. அலை நுனிகளுக்கு எதைப் போட்டாலும் சரிவரவில்லை, உம்மாவுடையதைப் போட்டதும் சரிவந்தது. சொன்னபோது, "அது துடைச்சது மகள்" என்றார். கடல் நிறைய நீங்கள் துடைத்தது உம்மா என்றேன். அப்படியென்றால் எறும்பு போயிற்றா என்று கேட்டார்.

பின்னேரங்களில் அஸர் தொழுத பிறகு வாப்பா மோட்டார் சைக்கிளில் என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். மாலைக் கடல் எப்படி நிறம் மாறுகிறது என்று எழுதிக்கொள்வதற்காக. தென்னைகளின் நிழல் முதலில் மணலில் நீளும். பிறகு வீடுகளின் நிழல். அவை மெதுவாகத் தண்ணீரைத் தொடும். தொட்டதும் கரையோரத்துக் கடல் பச்சையை விட்டுக் கத்தரிப்பூ நிறத்துக்குப் போகும். கரையில் ஏற்றி வைத்த படகுகளின் மூக்கில் மட்டும் செம்மஞ்சள் வெயில் நிற்கும். கடைசியில் அதுவும் போய், தூரத்தில் கடலுக்கு மேலே நிற்கிற முகில்கள் மட்டும் கொஞ்ச நேரம் சிவந்திருக்கும். வாப்பா கடலைப் பார்ப்பதே இல்லை. கச்சான் கொட்டை உடைத்தபடி ஊர்ப் பக்கம் திரும்பி, வட்டைக்கு மேலே மழை கட்டுகிறதா என்றுதான் பார்ப்பார். வேளாண்மை வெட்டு தொடங்கியிருந்தது.

அப்படித்தான் நானும் தீட்டினேன். மணலில் நீண்ட நிழல். இருண்டு வருகிற கடல். அதற்கு முன்னால் கடலுக்கு முதுகு காட்டி நிற்கிற சிறுமி. அவளுடைய முகத்தில் கடைசி வெளிச்சம். அவள் வெளிச்சம் போவதைப் பார்க்கிறாள் அல்லவா? வெளிச்சம் போவது ஊர்ப் பக்கம்தானே. இதை நான் யோசித்துத் தீர்மானிக்கவில்லை. யோசிக்க அதில் ஏதாவது இருப்பதாகவே தெரியவில்லை.

கூட்டாளிக்கு அனுப்பினேன். அவள் பார்த்துவிட்டு, "எறும்பு இல்ல, அனுப்புறன்" என்றாள். அது ஒரு திங்கட்கிழமை. கந்தோர்த் திங்களுக்குச் சரியாக ஏழு நாள் இருந்தது.

மறுநாள் பகல் சோறு தின்றுகொண்டிருந்தபோது அழைப்பு வந்தது.

"என்னகா, பிரஷ் வேலையெல்லாம் அவங்களுக்கு நல்லாப் புடிச்சிரிக்கி. ஒரு விசயம்தான்."

"என்ன?"

"சூரியன் எங்க எண்டு கேக்கிறாங்க."

"பின்னுக்கு. கமராவுக்குப் பின்னால. பின்னேரம்தானே."

அவள் மெதுவாகச் சொன்னாள். "அவங்கட கடலில சூரியன் கடலுக்குள்ளதான் விழும்கா."

கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. நான் படத்தில் பார்த்திருக்கிறேன், காட்சி அட்டைகளில் பார்த்திருக்கிறேன், உலகத்தில் பாதிக் கரைகளில் சூரியன் தண்ணீரில் இறங்குகிறது என்று பூமிசாஸ்திரத்தில் படித்து எழுதியும் இருக்கிறேன். மாலை, கடற்கரை என்று இரண்டு சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் கண்டதும் அதெல்லாம் எங்கே போனது?

"நீ பாத்துப்போட்டுத்தானே அனுப்பின?" என்றேன்.

"மூணு தரம் பாத்தன். எனக்கும் ஒண்டும் வித்தியாசமாத் தெரியல்ல. எங்கட அப்பா பின்னேரம் கரைவலை இழுக்கக்குள்ள வெயில் முதுகிலதான் படும்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. களைப்பில் வருகிற சிரிப்பு. நெஞ்சு வலிக்கும், சந்தோசம் இருக்காது. படத்தின் கதையில் சிறுமியின் தகப்பன் படகில் போகிறான், படகு சூரியனுக்குள் போய் மறைகிறது, அவள் பார்த்து நிற்கிறாள். அதுதான் கடைசி வெளிச்சம். அந்தக் குழுவின் தலைவி கோபப்படவில்லையாம். வேண்டுமென்றே செய்ததா என்று மட்டும் கேட்டாராம்.

"வேணுமெண்டுதான் செஞ்சவ எண்டு சொல்லிப்போடவா?" என்றாள் கூட்டாளி. "பெரிய ஆக்கள் அப்பிடித்தான் சொல்லுவாங்க."

வேண்டாம் என்றேன். அவர்களுக்குத் தேவை சூரியன். எப்போதைக்குள் என்று கேட்டேன். ஞாயிறு காலை.

ஒரு முழு நாள் கடைசித் தீட்டலுக்குப் போனால், எனக்கு மிச்சம் மூன்றரை நாள். வெளிச்சம் எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தால் எல்லாமே மாறும். இருண்ட கடலுக்காகச் சரிசெய்த தீற்றல் ஒன்றும் உதவாது. சூரியனிலிருந்து கரை வரைக்கும் தண்ணீரில் ஒரு வெளிச்சப் பாதை வேண்டும், மினுங்குகிற பாதை. மினுக்கம் என்றாலே எறும்பு.

ஆனால் முதல் கரைச்சல் அதுவல்ல. எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் தண்ணீரில் இறங்குவதை நான் நேரில் கண்டதில்லை. தண்ணீரிலிருந்து ஏறுவதைத்தான் கண்டிருக்கிறேன். அதைத்தான் எடுத்தேன். வியாழனும் வெள்ளியும் சுபஹு தொழுதுவிட்டு வாப்பா என்னைக் கடற்கரையில் விட்டார். படகு விளிம்பில் இருந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு காத்திருந்தார். நான் சூரியன் ஏறுவதைப் போனில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். அலைகள் கரையிலிருந்து கடலுக்குப் போயின. காகம் ஒன்று பின்பக்கமாகப் பறந்தது. சூரியன் மட்டும் சரியாக இறங்கியது. பாதை எவ்வளவு அகலம், எந்த இடத்தில் உடைகிறது, எப்போது சுருங்குகிறது எல்லாம் அதில் இருந்தது.

நிறம்தான் இல்லை. விடியற்கால நிறம் கழுவியது போல இருக்கும். மாலைக்குத் தூசி வேண்டும், பகல் முழுவதும் பாவித்துப் பழசான ஒரு மஞ்சள். எங்கள் பக்கம் அது வட்டைக்கு மேலேதான் கிடைக்கும். வெள்ளிக்கிழமை பின்னேரம் எனக்கு மேசையை விட்டு எழும்ப முடியாது. வாப்பா ஜும்ஆ முடிந்து வட்டைக்குப் புறப்பட்டபோது, மஃரிபுக்கு முன் வானத்தை ஒரு படம் எடுத்து அனுப்ப ஏலுமா என்று கேட்டேன். அவர் மேசையைப் பார்த்தார். கணினியையா அதற்கு அடியில் இருந்ததையா என்று தெரியவில்லை. சரி என்று போனார்.

ஆறு மணிக்குப் போன் கத்தத் தொடங்கியது. ஒன்பது படம். இரண்டில் வாப்பாவின் பெருவிரல் பாதி வானத்தை மறைத்திருந்தது. மூன்றில் வெட்டு மெசின். ஒன்றில் அவருடைய செருப்பும் கொஞ்சம் வைக்கோலும். மிச்சம் மூன்றில், வெட்டிய வயலுக்கு மேலே உமித்தூசி மிதக்க, எனக்கு வேண்டிய மஞ்சள் அப்படியே இருந்தது. பின்னால் குரல் செய்தி: "போதுமா மகள்? மெசின் நிக்கிறதில நல்லா விழல்ல."

அப்படித்தான் அந்த மாலை ஆனது. காலைக் கடலின் சூரியனைத் திருப்பி இறக்கி, வட்டையின் நிறத்தைப் பூசி, அலை நுனிகளில் உம்மா துடைத்த தீற்றலை வைத்தேன். மினுக்கத்தை நாலு நாலு பிரேமாக நிறுத்திப் பிடித்தேன். எறும்பு சாகவில்லை, மெதுவாக நடந்தது. அதற்கு மேல் எனக்கு ஏலவில்லை. சனிக்கிழமை சுபஹுக்குத் தீட்டலைத் தொடங்கிவிட்டு, கரண்ட் போகக் கூடாது என்று துஆ கேட்டேன். ஞாயிறு சுபஹுக்கு முடிந்திருந்தது. சிறுமி இப்போது எங்களுக்கு முதுகு காட்டி நின்றாள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு மாலை. என் முதல் மாலை எனக்கு இதைவிட நல்லதாகத்தான் பட்டது, சொல்ல ஆளில்லை. அனுப்பிவிட்டுப் படுத்தேன்.

அஸருக்கு உம்மா எழுப்பினார். போனில் கூட்டாளி. என்னை வேலைக்கு எடுத்திருக்கிறார்களாம். கடல் வருகிற காட்சிகள் எல்லாம் எனக்கு, மூன்று மாதத்துக்கு. பிறகு என்ன என்று இப்போது சொல்ல முடியாதாம். தலைவி ஒரு குறிப்பும் எழுதியிருந்தார்: கொஞ்சம் விடியற்காலை போல இருக்கிறது, பரவாயில்லை.

சந்தோசம் வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது.

வாப்பாவிடம் சொன்னபோது ஒன்றுதான் கேட்டார். "மூணு மாசத்துக்குப் பொறகு?" தெரியாது வாப்பா என்றேன். அவர் தலையாட்டினார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. கந்தோரில் இடம் கிடைத்தால் அறுபது வயது வரை. கடலில் மூன்று மாதம். இந்தக் கணக்கை எனக்கு விளங்கப்படுத்த யாரும் தேவையில்லை.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வாப்பா மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தியிருந்தார். என்னை பஸ் எடுக்கிற இடத்தில் விட்டுவிட்டு வட்டைக்குப் போகலாம் என்ற கணக்கில். இரவு முழுவதும் நான் ஒன்றும் முடிவெடுத்திருக்கவில்லை. முகம் கழுவி, அபாயாவைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றேன். கணினியில் முதல் காட்சிக்கான படகு வந்து கிடந்தது. குசினியிலிருந்து உம்மா கேட்டார்.

"சோறு கட்டவா மகள், வேணாமா?"

சோற்றுப் பார்சல். வாழையிலை வாட்டி, தாளில் சுற்றி, ஒரு மனுசி காலையில் எழும்பிச் செய்கிற வேலை. கடிதத்துக்கு நாளைக்கு என்று சொல்லலாம், தலைவிக்கு யோசித்துச் சொல்கிறேன் என்று எழுதலாம். சட்டிக்குப் பக்கத்தில் அகப்பையோடு நிற்கிற உம்மாவுக்கு அப்படி ஒன்றும் சொல்ல முடியாது.

"வேணாம்மா" என்றேன்.

வெளியே வாப்பாவுக்குக் கேட்டிருக்கும். மோட்டார் சைக்கிள் உயிர் பெற்று, வளவைத் தாண்டி, மேற்கே போகிற சத்தம். ஒன்பது மணி ஆனபோது நான் கணினியைத் தூக்கிக் கடிதத்தைப் பார்த்தேன். அதை எடுக்கவில்லை. மறுபடி மேலே வைத்தேன். கண்ணாடி இன்னும் சூடாகவில்லை.

அன்று முழுவதும் படகுக்குத் தீற்றல் வைத்தேன். மத்தியானம் சாப்பிட்டது, அஸர் தொழுதது, எல்லாம் படகுக்கு நடுவில் நடந்தன. ஆறு மணிக்குப் போன் ஒரு தடவை கத்தியது. நான் கேட்கவில்லை, அவராகவே அனுப்பியிருந்தார். வெட்டிய வயல், தார்ப்பாய் போட்டு மூடிய நெல், அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் தட்டையான வானம். ஓரத்தில் பெருவிரல். அடியில் குரல், காற்றுச் சத்தத்தோடு:

"இண்டைக்கி மழை மூட்டம் மகள். சூரியன் இல்ல. நாளைக்கிப் பாப்பம்."